இடது முன்னங்கால்

பிஷ்கெக்கில் எட்டுக் கட்டில் அறை.
படுக்கை ஐந்நூறு சோம்.
ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் நானூற்றைம்பது என்று
ஜில்திஸ் ஒத்துக்கொண்டாள்,
போர்வை ஒன்றுதான் என்ற நிபந்தனையோடு.
மேல்தட்டில் நான்.
கீழ்த்தட்டில் குபானிச்.

எனக்கு இருநூற்றுப் பதினோராம் நாள்.
நோட்டில் அன்றைய கணக்கு:
ரொட்டி முப்பது, முட்டை இரண்டு,
தேயிலை நேற்றையது.
முட்டையைக் கெட்டிலிலேயே வேகவைத்தேன்.
பார்த்துச் சிரித்தவன்
தன் கெட்டிலைத் திறந்து காட்டினான்:
உள்ளே உருளைக்கிழங்கு.

தோர்தோய்ச் சந்தையில் மூட்டை இறக்குகிறவன்.
இதே கட்டிலில் பதினான்கு மாதம்.
சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில்
வந்துபோனவர்கள் குத்திய குண்டூசிகள்,
பெர்லின், பூசான், மொன்ட்ரியால்.
அவனுடைய அட்பாஷியில் ஊசி இல்லை.
"மடிப்பு விழுந்திருக்கிறதே,
அதற்குள் இருக்கிறது" என்றான்.

பாதி ருஷ்யன், மீதி கை.
அவ்வளவுதான் எங்கள் மொழி.
நாலு வருஷம் மாஸ்கோவில் பனி அள்ளினானாம்.
போக நான்கு இரவு ரயில்,
கழிப்பறைக் கதவோரப் பலகை.
அந்தப் பலகைதான் மலிவு என்று
நானும் கண்டுபிடித்திருந்தேன்;
பெருமையாகவே சொன்னேன்.
அவன் கண்டுபிடிக்கவில்லை. கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதாள வட்ட ரயிலில் ஏறிவிடுவானாம்.
ஒரே டிக்கெட். உள்ளே சூடு.
இரவாகிவிட்டது என்பதை
ஏறுகிறவர்களின் முகத்தில் பார்த்துக்கொள்வானாம்.
"டூரிஸ்ட்" என்றான், மார்பைத் தட்டி.

பதிலுக்கு நான் படங்களைக் காட்டினேன்.
சோங்கோல் ஏரி, ஆகஸ்ட்.
எல்லாரும் அந்த நீலத்தில்
ஒரு நிமிஷம் நிற்பார்கள்.
அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான்.
நான் குதிரைமேல் இருந்த படத்தில் நின்றான்.
இரண்டு விரலால் பெரிதாக்கினான்.
என் முகம் திரையைவிட்டுப் போயிற்று.
ஏரி போயிற்று.
ஒரு கால் மட்டும்.

"நொண்டுகிறது.
இடது முன்னங்கால். பார், பாரம் வைக்கவில்லை.
யாருடைய குதிரை?"

பெயர் கேட்கவில்லை நான்.
விலை கேட்டேன்.
அரைநாளுக்கு ஆயிரத்து இருநூறு சொன்னார்கள்.
தொள்ளாயிரத்துக்கு முடித்தேன்.
ஒரு பையன் கூடாரத்துக்குப் பின்னே போய்
இதைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
மெதுவாகத்தான் நடந்தது.
குறைந்த விலைக்குக் குறைந்த வேகம் என்று
நியாயம் சொல்லிக்கொண்டேன்.
இறக்கத்தில் அது நின்று நின்று போனபோது
ஏரியைக் காட்டத்தான் நிற்கிறது என்று நினைத்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தான்.
வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து,
"குளம்பில் கல் ஏறியிருக்கலாம்.
எடுத்தால் சரியாகிவிடும்" என்றான்.
யாரைத் தேற்றினான், தெரியவில்லை.

நாலு மணிக்குக் கட்டில் ஆடியது.
இருட்டில் ஷூ கட்டும் சத்தம்.
படியிறங்கும்போது ஒரு காலடி
மற்றதைவிட இலேசாக விழுகிறதா என்று
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
அப்படியெல்லாம் இல்லை.
நன்றாகத்தான் நடந்தான்.

போன் வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டினேன்.
நூற்று நாற்பத்தெட்டாம் நாள்.
குதிரை 900.
பக்கத்தில் வட்டம் போட்டு: மிச்சம் 300.
அடியில் மூன்று கோடு வேறு.

அந்த முந்நூறில் என்ன வாங்கினேன்?
பத்து நாள் பக்கங்களைத் தேடியும்
தனியாகத் தெரியவில்லை.
ரொட்டியாகவோ, பஸ்ஸாகவோ,
இன்றைக்கு நான் இங்கே இருப்பதாகவோ
கரைந்திருக்க வேண்டும்.

காலையில் ஜில்திஸ் கேட்டாள்:
இன்னும் ஒரு வாரமா, கிளம்புகிறாயா?
குளிர் தொடங்கிவிட்டது,
பேரம் பேசுவேன் என்று காத்து நின்றாள்.
நான் வரைபடத்தின் மடிப்பை
நகத்தால் நீவிக்கொண்டிருந்தேன்.
அட்பாஷி வெளியே வரவில்லை.
அந்த இடத்தில் காகிதம் தேய்ந்து
வெள்ளையாகியிருந்தது.